புரூக்ஸ் மலைத்தொடரில் உயிர்கள் குளிரை எதிர்த்து வாழ்கின்றனவா, குளிரை நம்பி வாழ்கின்றனவா?

வடதிசை

அலாஸ்காவின் வடபகுதியில், மேற்கே சுக்சிக் கடலோரம் தொடங்கிக் கிழக்கே கனடாவின் யூக்கான் வரை ஏறத்தாழ 1,100 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் புரூக்ஸ் மலைத்தொடரைப் பற்றிப் பேச விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன். உயரத்தை மட்டும் பார்த்தால் இதில் வியப்பொன்றும் இல்லை. இதன் மிக உயர்ந்த இஸ்டோ சிகரம் 2,736 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட நூறு மீட்டர்தான் கூடுதல். ஆனால் மலைத்தொடர் ஏறத்தாழ முழுவதும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருப்பதால், டிசம்பரில் சூரியன் எழாத நாட்களும் ஜூனில் மறையாத நாட்களும் அங்கே உண்டு. இதன் தென்புறத்திலுள்ள பிராஸ்பெக்ட் கிரீக் என்னுமிடத்தில் 1971 ஜனவரி 23 அன்று பதிவான −62.2 டிகிரி செல்சியஸ்தான் அமெரிக்க நாட்டில் இதுவரை அளக்கப்பட்ட மிகக் கடுங்குளிர்.

இத்தகைய இடத்தில் வாழும் ஒவ்வோர் உயிரும் குளிரோடு ஓயாமல் போரிட்டே பிழைக்கிறது என்பது என் எண்ணம். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. காரிபு மான்கள் மலைக்குத் தெற்கே மரங்களின் காப்பில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வயிற்றில் கன்றோடு மலையைக் கடந்து, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத வடகடற்கரைச் சமவெளிக்குப் போய்த்தான் ஈனுகின்றன. காப்பை விட்டு வெட்டவெளிக்குப் போவானேன்?

இளவேனில்

வடதிசை அவர்களின் கேள்வி நல்ல கேள்வி; ஆனால் அதற்குமேல் எழுதியிருக்கும் ‘போர்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் கற்பித்த நாட்களிலும் மாணவர்கள் இதே சொல்லைத்தான் எழுதுவார்கள்.

முதலில் ஒரு சிறு விளக்கம். பிராஸ்பெக்ட் கிரீக் மலையுச்சி அன்று, பள்ளத்தாக்கு. காற்றற்ற நீண்ட இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். அந்த நாட்களில் மேலே ஏறினால் குளிர் குறையும். டால் என்னும் காட்டுச் செம்மறிகள் குளிர்காலத்தை உயர்ந்த முகடுகளில் கழிப்பதற்கு முதன்மையான காரணம் அங்கே காற்று பனியைத் துடைத்துப் புல்லை வெளிக்காட்டுவதுதான் என்றாலும், இதுவும் அவற்றுக்கு ஓர் ஆதாயமே.

இனிக் காரிபுக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிடுவது போர்க்குபைன் கூட்டம். அவை கடக்கும் ஆற்றின் பெயரே கூட்டத்துக்கும் வழங்குகிறது. 2017-இல் எடுத்த கணக்கில் இக்கூட்டத்தில் ஏறத்தாழ 2,18,000 விலங்குகள் இருந்தன. வசந்தத்தில் முதலில் புறப்படுபவை சினைப் பசுக்களே. கடாக்களும் இளசுகளும் வாரக்கணக்கில் பின்தங்கி வரும். கடாக்கள் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிட, சினைப் பசுக்கள் ஈனும் காலம்வரை கொம்போடு இருக்கும். பனியைத் தோண்டிக் கண்டுபிடித்த தீனிக் குழியிலிருந்து கடாக்களையே அவற்றால் விரட்ட முடிகிறது.

சமவெளியில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். பனி உருகும் ஓரங்களில் முதலில் தலைகாட்டும் பருத்திப்புல்லின் மொட்டுகள் புரதம் மிகுந்தவை, எளிதில் செரிப்பவை. பால் சுரக்க வேண்டிய தாய்க்கு அந்தச் சில வாரங்களில் அதைவிட நல்ல தீனி வேறில்லை. அடுத்தது ஓநாய். குட்டி போட ஓநாய்க்கு நீர் தேங்காத, தோண்டக்கூடிய மண் வேண்டும். அது மலையடிவாரங்களில் இருக்கிறது, ஓரடிக்குக் கீழே பாறைபோல் உறைந்து கிடக்கும் சமவெளியில் மிக அரிது. ஆகவே ஜூன் தொடக்கத்தில், பசுக்கள் ஈனும் அதே நாட்களில், ஓநாய்கள் தம் குட்டிகளோடு மலைப்பக்கம் கட்டுண்டு கிடக்கின்றன. சமவெளியில் கிரிஸ்லி கரடிகளும் பொன்னிறக் கழுகுகளும் ஒப்பளவில் குறைவு. போதாக்குறைக்குப் பெரும்பாலான கன்றுகள் பத்து நாட்களுக்குள் ஒன்றாகப் பிறந்துவிடுவதால், இருக்கும் வேட்டை விலங்குகளாலும் அத்தனையையும் தின்று தீர்க்க முடியாது. பிறந்த கன்று சில மணி நேரத்தில் தாயின் பின்னே நடக்கத் தொடங்கிவிடும்.

பனி உருகத் தாமதமாகும் ஆண்டுகளில் பசுக்கள் சமவெளியை எட்ட முடியாமல் வழியில் யூக்கான் பக்கமே ஈன நேர்ந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் கன்றுகள் கூடுதலாக மடிந்தன. அந்தச் சமவெளியின் அருமை அப்போது தெரியும். ஓநாய்க்கு வேலி போட்டிருப்பது அங்கே உறைந்த மண்தான். அதைப் பகை என்று காரிபுவிடம் சொல்ல முடியுமா?

பொன்னி

இளவேனில் அம்மாவின் விளக்கத்துக்குத் துணையாக, ஆர்க்டிக் தரை அணிலைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். பெரிய விலங்குகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த மலையின் மிகத் துணிச்சலான குடி இந்த ஒரு கிலோவுக்கும் குறைவான அணில்தான்.

ஆண்டில் ஏழு, எட்டு மாதம் அது வளைக்குள் உறங்குகிறது. ஆழத் தோண்டி உறைபனிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ள அதற்கு வழியில்லை, ஏனென்றால் கீழே இருப்பதும் உறைந்த மண்ணே. மேலேயும் உறைபனி, கீழேயும் உறைபனி, நடுவில் புல்லும் மயிரும் திணித்த ஒரு கூடு. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பிரையன் பார்ன்ஸ் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, உறங்கும் அணிலின் உடல் வெப்பம் −2.9 டிகிரி வரை இறங்குவதைக் காட்டியது. பாலூட்டி ஒன்றின் உடல் இவ்வளவு குளிர்ந்தும் உயிர் இருப்பதை அதற்குமுன் யாரும் பதிந்ததில்லை. அதன் குருதியில் உறைவைத் தடுக்கும் தனிப்பொருள் எதுவும் இல்லை; பனிப்படிகம் உருவாகத் தொடங்குவதற்குக் கருவாக அமையும் துகள் ஒன்றுகூடக் கிடைக்காத நிலையில், நீர் உறைநிலைக்குக் கீழேயும் நீராகவே நிற்கிறது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அது நடுநடுங்கித் தன்னைச் சூடேற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நாள் இயல்பான வெப்பத்தில் இருந்துவிட்டு, மறுபடி குளிர்ந்துபோகிறது. சேர்த்துவைத்த கொழுப்பில் பெரும்பங்கு இந்த நடுக்கங்களுக்குத்தான் செலவாகிறது.

அங்குள்ள காட்டுத்தவளையின் (wood frog) வழி நேர்மாறானது. அது உறைவதற்கு உடன்பட்டுவிடுகிறது. தென்சரிவுக் காடுகளில் இலைச்சருகுக்கு அடியில் கிடக்கும் அதன் உடல்நீரில் மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிவிடும், இதயம் நின்றுவிடும். ஈரல் வெளிவிடும் குளுக்கோஸ் திசுக்களுக்குள் நிறைந்து உயிரணுக்களைக் காக்கிறது. வசந்தத்தில் உருகி எழுந்து கத்தத் தொடங்கிவிடும்.

கருங்கல்

மண்ணைப் படித்தவன் என்ற முறையில் என் பங்கு. ஈராண்டுக்கு மேல் தொடர்ந்து உறைந்தே கிடக்கும் மண்ணை நிலைத்த உறைநிலம் என்கிறோம். மலைக்கு வடக்கே அது எங்கும் உண்டு; வடகடற்கரையிலுள்ள புரூடோ விரிகுடாவை ஒட்டி 600 மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. ஒவ்வொரு கோடையிலும் மேலே ஒரு முழமோ இரண்டு முழமோதான் இளகும். வடசரிவில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து பாலைவன அளவுதான். ஆயினும் கோடையில் அந்நிலம் சதுப்பாக நிற்பதற்குக் காரணம், நீர் கீழே இறங்க உறைநிலம் வழிவிடாததே. குளிரை எடுத்துவிட்டால் அந்தப் பச்சை வடிந்து காய்ந்துவிடும்.

மனிதன் கட்டியதும் அதே குளிரின்மேல்தான் நிற்கிறது. அலாஸ்காவை வடக்குத் தெற்காகக் கடந்து, 1977-இல் இயங்கத் தொடங்கிய 1,287 கி.மீ. எண்ணெய்க் குழாயின் பாதிக்கு மேற்பட்ட நீளம் தரைக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருப்பது, சூடான எண்ணெய் அடிமண்ணை இளக்கிவிடக் கூடாது என்பதற்காக. அதைத் தாங்கும் தூண்கள் ஏறத்தாழ 78,000. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் அம்மோனியா அடைத்த குழல்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அம்மோனியா கீழே ஆவியாகி மேலே வந்து, மண்ணின் வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டிவிட்டு, நீர்மமாகித் திரும்ப இறங்கும். வெளியே கடுங்குளிர் இருந்தால்தான் இந்தச் சுழற்சி நடக்கும்.

இப்போது அடிமண் இளகுவதன் விளைவைச் சொல்கிறேன். எண்ணெய்க் குழாயை ஒட்டிச் செல்லும் டால்ட்டன் நெடுஞ்சாலை மலையைக் கடக்கும் அட்டிகன் கணவாய்க்குத் தெற்கே, பாறையும் மண்ணும் மரமும் பனியும் கலந்த பெரிய உறைந்த நாக்குகள் சரிவிலிருந்து மெல்ல ஊர்ந்து சாலையை நோக்கி இறங்குகின்றன. அவற்றுள் ஒன்று மிக நெருங்கிவிட்டதால் 2018-இல் அந்த நெடுஞ்சாலையையே சற்று விலக்கி அமைக்க வேண்டியதாயிற்று. அதைவிடக் கவலை தருவது ஆறுகளின் நிறம். 2024-இல் வந்த ஆய்வொன்று, மலைத்தொடர் நெடுகிலும் 75 ஓடைகள் துருநிறமாகிவிட்டதைப் பதிவு செய்தது. உறைநிலம் பூட்டி வைத்திருந்த கந்தகக் கனிமங்களை நீரும் காற்றும் முதன்முறையாகத் தொடுகின்றன, அமிலம் உண்டாகிறது, அது இரும்பையும் துத்தநாகம், காட்மியம் போன்றவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடையில் சேர்க்கிறது. சுரங்கக் கழிவில் நடப்பதே இங்கும் நடக்கிறது, ஆனால் அங்கே சுரங்கம் எதுவும் இல்லை. கோபுக் பள்ளத்தாக்கிலுள்ள ஓர் ஓடையில் அது நிறம் மாறிய பிறகு டாலி வார்டன் மீன்குஞ்சுகளையே காணவில்லை.

வடதிசை

மூவருக்கும் நன்றி. ஓடைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. வானிலிருந்து எடுத்த படங்களை இப்போதுதான் தேடிப் பார்த்தேன், செங்கல் சூளைக் கழிவு போல இருக்கிறது.

ஆனால் நான் இன்னும் முழுமையாக இணங்கவில்லை. வெப்பம் கூடினால் செடி கொடி பெருகும், கோடை நீளும். புல் தின்னும் விலங்குக்கு அது நன்மையாகத்தானே இருக்க வேண்டும்? போர்க்குபைன் கூட்டமே 2017-இல் அவ்வளவு பெரிதாக இருந்ததாக இளவேனில் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கெட்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இளவேனில்

நேர்மையான மறுப்பு. எல்லா உயிர்க்கும் ஒரே விளைவு என்று நான் சொல்லவில்லை. ஆதாயம் பெறுபவையும் உண்டு. தூந்திரத்தில் வில்லோ, குட்டை பிர்ச் புதர்கள் ஆற்றோரங்களில் உயர்ந்தும் பரந்தும் வருகின்றன. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புதரைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கும் மூஸ் என்னும் பெரிய மான் அவற்றின் வழியே வடக்கே ஏறியிருக்கிறது. மேற்கு அலாஸ்காவின் தூந்திரத்தில் பீவர்கள் அணைகட்டிய குளங்கள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. ஒவ்வொரு குளமும் தன்னடியிலுள்ள உறைநிலத்தை மேலும் இளக்குகிறது.

காரிபுவுக்குப் புதர் நல்ல கோடைத்தீனிதான். ஆனால் அதன் குளிர்காலம் பாசிபோல் படரும் லைக்கன்களை நம்பியிருக்கிறது. ஓராண்டில் சில மில்லிமீட்டர் வளரும் அவை புதர் நிழலில் அமிழ்ந்துவிடும், காட்டுத்தீயில் எரிந்தால் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்னொன்று, குளிர்காலத்தின் நடுவே பெய்யும் மழை. அது பனியின்மேல் விழுந்து உறைந்தால், கீழே உணவு இருந்தும் குளம்பால் உடைக்க முடியாத கண்ணாடித் தகடாகிவிடும். −40 டிகிரியில் உலர்ந்த பனிக்கு நடுவே காரிபு நிம்மதியாக மேயும். அதைக் கொல்லக்கூடியது பூச்சியத்தை ஒட்டிய மழை.

மலையின் மேற்குப் பகுதியை நம்பி வாழும் மேற்கு ஆர்க்டிக் கூட்டம் 2003-இல் ஏறத்தாழ 4,90,000 இருந்தது, 2023-இல் 1,52,000. காரிபுக் கூட்டங்கள் எக்காலத்திலும் ஏறியும் இறங்கியும் வருபவை என்பதால் முழுப் பழியையும் வெப்பத்தின்மேல் போடுவது முறையாகாது. கிழக்குக் கூட்டம் பெருகிய காலத்தில் மேற்குக் கூட்டம் குறைந்தது என்பதே, ஒரே மலைத்தொடரிலும் ஒரே விடை இல்லை என்பதற்குச் சான்று. இந்த இடத்தில் உங்கள் ஐயத்தை நான் மதிக்கிறேன்.

நெடுவழி

சில ஆண்டுகளுக்கு முன் ஜூலையில் டால்ட்டன் நெடுஞ்சாலையில் வடக்கே போனவன் என்பதால் இரண்டு காட்சிகளை மட்டும் எழுதுகிறேன். அது 666 கி.மீ. நீளமுள்ள சாலை, எண்ணெய்க் குழாய் போடுவதற்காக 1974-இல் ஐந்தே மாதத்தில் அமைத்தார்கள். கோல்ட்ஃபுட் என்ற சிற்றிடத்தைத் தாண்டிவிட்டால், சாலை முடியும் டெட்ஹார்ஸ் வரை 380 கி.மீ.க்கு மேல் எரிபொருளோ கடையோ கிடையாது. மலையை நெருங்கும்போது ஸ்புரூஸ் மரங்கள் ஆளுயரமாகி, இடுப்புயரமாகி, பிறகு இல்லாமலே போய்விடுகின்றன. 1,444 மீட்டர் உயர அட்டிகன் கணவாயைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை.

அங்கே ஓர் ஆற்றுப்படுகையில், கோடை வெயிலில், ஆளுயரத்துக்கு நீலமும் வெள்ளையுமான பனிப்பாளம் கிடந்தது. குளிர்காலம் முழுவதும் நிலத்தடி ஊற்று கசிந்து, படுகைமேல் அடுக்கடுக்காக உறைந்து உண்டாவது அது என்று பிறகு அறிந்தேன். அதன் நடுவே நாற்பது ஐம்பது காரிபுகள் மேயாமல் சும்மா நின்றன. நான் வண்டியின் கண்ணாடியை இறக்கியதும் காரணம் புரிந்துவிட்டது: கொசு. முகவலை இல்லாமல் வெளியே ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை. பனிப்பாளத்தின்மேல் காற்று குளிர்ந்திருப்பதால் கொசுவும், மூக்கில் புழுவை இடும் ஈயும் அங்கே குறைவாம். குளிரை நம்பி வாழ்வது என்று இளவேனில் அம்மா சொன்னதை நான் கண்ணால் பார்த்தவன்.

இன்னொன்று கத்தூரி எருது. சாகவானிர்க்டோக் ஆற்றோரம் ஏழெட்டு, தரையைத் தொடும் மயிரோடு, பாறைகளைப் போல் படுத்திருந்தன. அலாஸ்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் இந்த இனம் அடியோடு அழிந்துவிட்டது. 1930-இல் கிரீன்லாந்திலிருந்து 34 விலங்குகளைக் கொண்டுவந்து, நுனிவாக் தீவில் பெருகவிட்டு, 1969-70-இல்தான் இந்த மலைக்கு வடக்கே திரும்ப விட்டார்கள். ஓநாயைக் கண்டால் ஓடாமல் குட்டிகளை நடுவில் வைத்து வளையமாக நிற்கும் அவற்றின் பழக்கம், துப்பாக்கிக்கு முன்னே அவற்றுக்கே எமனாகிவிட்டது.

நாணல்

குறுக்கே ஒரு பறவைக் குறிப்பு. புரூக்ஸ் மலையின் கற்குவியல்களில் கூடுகட்டும் வடபுல வீட்டியர், 25 கிராம் எடை, குளிர்காலத்துக்குச் செல்லுமிடம் கிழக்கு ஆப்பிரிக்கா. ஆசியா முழுவதையும் கடந்து ஒருவழிப் பயணம் மட்டும் 14,500 கி.மீ. வரை வருகிறது என்று அதன்மேல் பொருத்திய சிறு கருவிகள் காட்டின. வடசரிவின் வில்லோப் புதர்களில் பாடும் புளூத்ரோட், தொண்டையில் நீலமும் செம்மஞ்சளும் பூண்டது, குளிர்காலத்தில் நம் ஏரிக்கரைக் கோரைகளுக்குள்ளும் காணக்கிடைக்கும் அதே இனம்தான். அலாஸ்காவில் பிறந்ததே இங்கே வருகிறது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இங்கு வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை.

அகழான்

இவ்வளவு நேரம் பேசியும் மனிதர்கள் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1929 முதல் வைஸ்மன் என்ற சிற்றூரில் தங்கி இம்மலைகளைச் சுற்றிய ராபர்ட் மார்ஷல், கொயுகுக் ஆற்றின் வடகிளைக்கு இருபுறமும் நின்ற இரு மலைகளுக்கு ‘ஆர்க்டிக்கின் வாயில்கள்’ என்று பெயரிட்டார். 1980-இல் அமைந்த தேசியப் பூங்காவுக்கு அந்தப் பெயரே வந்தது. ஏறத்தாழ 34,000 சதுர கி.மீ. பரப்பில் ஒரு சாலையோ ஒற்றையடிப் பாதையோ அரசு அமைக்கவில்லை என்பதால், அது ஆளே இல்லாத இடம் என்று படிப்பவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பூங்காவுக்கு நடுவிலேயே அனாக்டுவுக் கணவாய் என்ற ஊர் இருக்கிறது. நுனாமியுட் மக்களின் ஊர். பெயருக்குப் பொருள் ‘காரிபுப் புழுக்கை கிடக்கும் இடம்’. இதைவிட நேரான ஊர்ப்பெயரை நான் கேட்டதில்லை. காரிபுவின் பின்னே இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் 1949-ஐ ஒட்டித்தான் அங்கே நிலையாகக் குடியமர்ந்தன. முன்னே வரும் கூட்டத்தைச் சுடாமல் போகவிட வேண்டும், அவை பதிந்த தடத்தில்தான் பின்னுள்ளவை வரும் என்பது வடஅலாஸ்கா வேட்டைக்காரர்களின் பழைய ஒழுங்கு. மலைக்குத் தெற்கே வாழும் குவிச்சின் மக்கள், இளவேனில் அம்மா விளக்கிய அந்த ஈனும் சமவெளியை ‘உயிர் தொடங்கும் புனித இடம்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். தொடப்படாத காடு என்று நாம் வியப்பது இன்னொருவருடைய மேய்ச்சல் வழி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசலாம்.

வடதிசை

அகழான் அவர்களுக்கு நன்றி. நானும் ஆளற்ற இடம் என்றே எண்ணியிருந்தேன். அந்தச் சமவெளியில் எண்ணெய் எடுப்பது பற்றிய சர்ச்சை இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

கருங்கல்

சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இழை அரசியலுக்குள் போய்விடும். 1960-இல் வனவிலங்குக் காப்பிடமாகி 1980-இல் விரிவாக்கப்பட்ட நிலத்தில், ஏறத்தாழ 6,000 சதுர கி.மீ. கடலோரப் பகுதியில் எண்ணெய் எடுக்கலாமா என்ற முடிவைச் சட்டம் அப்போதே தள்ளிவைத்தது. 2017-இன் வரிச் சட்டம் குத்தகைக்குத் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில் நடந்த முதல் ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் வரவில்லை. 2025 ஜனவரி ஏலத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை. அதன்பின் வந்த அரசு 2025-இலேயே மறுபடி திறந்துவிட முடிவெடுத்தது.

காரிபுவைப் பொறுத்தவரை மேற்கில் அமைக்கத் திட்டமிட்டிருக்கும் அம்ப்ளர் சாலையை நான் கூடுதலாகக் கவனிக்கிறேன். மலையின் தென்சரிவு நெடுக 340 கி.மீ.; சுரங்கங்களுக்காக மட்டும். 2024-இல் மறுக்கப்பட்டு 2025-இல் ஒப்புதல் பெற்றது. மேற்குக் கோடியில் ஏற்கெனவே உள்ள ரெட் டாக் சுரங்கத்தின் சாலை ஏறத்தாழ 85 கி.மீ.தான். இலையுதிர் காலத்தில் தெற்கே இறங்கும் காரிபுகளில், கழுத்துப்பட்டை பூட்டிக் கவனித்தவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காடு அச்சாலையைக் கடக்கத் தயங்கின. அப்படித் தயங்கியவை சராசரியாக ஒரு மாதத்துக்கும் மேல் பின்தங்கின. வேலி இல்லை, சுவர் இல்லை, வண்டிகளும் மிகக் குறைவு.

பொன்னி

வடதிசை அவர்கள் கேட்ட ‘எதை வைத்துச் சொல்கிறோம்’ என்ற கேள்விக்கு அணிலிடமும் ஒரு விடை இருக்கிறது. முன்பே எழுதியிருக்க வேண்டும். மலையின் வடபுறத்தில், 25 ஆண்டுகளாக அணில்களின் உடல் வெப்பத்தை அளந்து சேர்த்த தரவுகளை 2023-இல் வெளியிட்டார்கள். வளைமண் முன்பைவிடத் தாமதமாக உறைகிறது. பெண் அணில்கள் இப்போது ஏறத்தாழ பத்து நாட்கள் முன்னதாக உறக்கம் கலைந்து வெளியே வருகின்றன. ஆண்கள் தங்கள் பழைய நாளிலேயே நிற்கின்றன.

ஆண் அணில் எப்போதுமே பெண்ணுக்குச் சில வாரங்கள் முன்னதாக விழிக்கும். குளிர்காலத்தில் சுருங்கிப்போன விந்தகங்கள் மீண்டும் வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாக அதற்கு அந்த இடைவெளி வேண்டும். அதுவரை வளைக்குள் இருந்தபடியே, இலையுதிர் காலத்தில் தான் மட்டும் சேர்த்துவைத்த விதைகளையும் கனிகளையும் தின்றுகொண்டிருக்கும். பெண்ணுக்குக் கிடங்கு இல்லை. வெளியே வந்ததும் மேய்ந்தாக வேண்டும். பத்து நாட்கள் முன்னதாக வருவதால் அதன் கொழுப்பு சற்று மிச்சமாகிறது, ஆகவே இதுவரை இது பெண்ணுக்கு ஆதாயமாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதுகிறார்கள். இருபாலாருக்கும் இடையேயான அந்தச் சில வாரங்களில் பத்து நாட்கள் ஏற்கெனவே குறைந்துவிட்டன.